புதன்கிழமை நாலு மணிக்கு வருகிற தம்பி: வழிகாட்டல் என்றால் என்ன?

யாழ்ப்பாண நகரில் எனக்குச் சிறிய அச்சகம் ஒன்று இருக்கிறது. கலியாண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், பில் புத்தகம், இறந்தவர் நினைவாக அடிக்கும் முப்பத்தோராம் நாள் கல்வெட்டுப் புத்தகம் என்று வேலை வரும். சில வருடங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை பின்னேரம், சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த ஒரு பொடியன் தன் ஆசிரியரோடு வந்து நின்றான். கரையோரக் கிராமம். தகப்பன் இல்லை. தாய் நாள்சம்பளத்துக்கு நண்டுக் கம்பனிக்குப் போகிறவர். கதிரையில் இருக்கச் சொன்னேன், நுனியில் இருந்தான். தொலைபேசி அடித்தது. எனக்குக் கையெல்லாம் மை. "தம்பி, அதை எடுத்து ஆரெண்டு கேளும்" என்றேன். எழும்பினான், தொலைபேசியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அது அடித்து ஓய்ந்தது.

"நான் கதைச்சாப் பிழைச்சுப் போகும் சேர்" என்றான்.

இதைச் சொல்கிற பிள்ளைகள் எங்கள் ஊர்களில் நிறையப்பேர். படிப்பு வரும், கைவேலை வரும், வீட்டுப் பொறுப்பையும் சுமப்பார்கள். தெரியாத ஒரு பெரியவருக்கு முன்னால் தன் பெயரைத் தெளிவாகச் சொல்வதற்கு மட்டும் வாய் எழாது. இப்படியான பிள்ளைகளோடு, கடை வைத்திருப்பவர்களும் வங்கியிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களும் சம்பளம் எதுவும் வாங்காமல் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கிப் பழகும் முறை பல நாடுகளில் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்து மென்ரரிங் என்பார்கள். நாங்கள் வழிகாட்டல் என்று சொல்வோம். அது என்ன, எப்படி வேலை செய்கிறது, எங்கே பிழைத்துப்போகும் என்று இதைப்பற்றி முதன்முறை கேள்விப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

வழிகாட்டி யார்?

தாய் தகப்பன், ஆசிரியர் தவிர்ந்த ஒரு வளர்ந்தவர், ஒரு பிள்ளையை ஒழுங்காக, நீண்ட காலம் சந்திக்கிறார். கதைக்கிறார், கூட இருந்து சில வேலைகளைச் செய்கிறார், பிள்ளை தயங்கும் இடத்தில் பக்கத்தில் நிற்கிறார். வரைவிலக்கணம் அவ்வளவுதான்.

ஆசிரியருக்குப் பாடத்திட்டம் இருக்கிறது, வகுப்பு நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்கள். உளவளத்துணையாளர் மனக்காயத்தைக் கையாளப் பயின்றவர். அந்தப் பயிற்சி எங்களிடம் கிடையாது, அவருடைய வேலையில் நாங்கள் கைவைக்கவும் கூடாது. சைக்கிளும் கொப்பியும் வாங்கிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் உறவுகள் அந்த வகையில் செய்திருப்பது கொஞ்சமல்ல. சைக்கிள் இல்லாவிட்டால் பள்ளிக்கூடமே போக முடியாத பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் சைக்கிளைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். வழிகாட்டி அடுத்த புதன்கிழமையும் வர வேண்டும்.

இது எங்களுக்குப் புதிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கஸ்தூரியார் வீதி நகைப் பட்டறைகளில் தொழில் பழகியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பொன்னை உருக்குவதோடு வாடிக்கையாளரோடு கதைப்பது, கடன்காரருக்குப் பதில் சொல்வது, தராசில் நேர்மையாக இருப்பது எல்லாவற்றையும் பட்டறையிலேயே பழகியிருப்பார்கள். தென்னிலங்கையில் கடை வைத்திருந்த மாமாமார் ஊரில் இருந்து மருமக்களைக் கூட்டிப்போய் முதலில் கூட்டவிட்டு, பிறகு கல்லாவில் இருத்தி ஆளாக்கியதும் இதே வேலைதான். போரும் இடப்பெயர்வும் அந்தச் சங்கிலியை அறுத்துவிட்டன. மாமா கனடாவில் இருக்கிறார், அல்லது இல்லாமலே போய்விட்டார். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பிய குடும்பங்களில் பிள்ளைகள் முகாமிலேயே பிறந்து வளர்ந்து இளைஞர்களாகிவிட்டார்கள். தீவகத்துப் பிள்ளைக்கு நகரத்தில் தெரிந்த முகமே இல்லை. சாதியின் பேரால் "தள்ளி நில்" என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட ஊர்களும் இருக்கின்றன. அந்த ஊர்ப் பிள்ளை ஒரு அலுவலகக் கதவைத் தட்டத் தயங்குவதைக் கூச்ச சுபாவம் என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

1973இல் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனொவெட்டர் ஒரு கட்டுரை எழுதினார். நெருங்கிய உறவுகளை விட, எப்போதாவது கதைக்கும் அறிமுகங்கள் வழியாகவே வேலை பற்றிய புதிய தகவல்கள் பெரும்பாலும் வருகின்றன என்று காட்டினார். காரணம் எளிது. எங்கள் வீட்டாருக்குத் தெரிந்தது அநேகமாக எங்களுக்கும் தெரியும். புதிய செய்தி வெளியில் இருந்துதான் வர வேண்டும். வெளியில் ஒருவரையும் தெரியாத குடும்பத்துக்கு அந்த வாசல் அடைபட்டுக் கிடக்கிறது.

தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது?

பிள்ளைகளை மண்டபத்தில் இருத்தி "உன்னால் முடியும்" என்று இரண்டு மணித்தியாலம் பேசினால் தன்னம்பிக்கை வந்துவிடும் என்று நானும் ஒருகாலத்தில் நினைத்தவன். அல்பேர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் முன்வைத்த விளக்கம் என் எண்ணத்தை மாற்றியது. "இந்தக் குறிப்பிட்ட வேலையை என்னால் செய்ய ஏலும்" என்ற நம்பிக்கைதான் ஒருவர் முயல்வாரா, இடையில் விடுவாரா என்பதைத் தீர்மானிக்கிறது என்றார் அவர். அந்த நம்பிக்கைக்கு நாலு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து பார்த்து வெல்வது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, நம்பிக்கைக்குரியவர் சொல்வது, உடம்பின் படபடப்பை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது. இவற்றில் வலிமையானது முதலாவது.

அச்சகத் தொலைபேசிக்குத் திரும்பி வருகிறேன்.

முதல் இரண்டு புதன்கிழமையும் நான் கதைப்பதைப் பக்கத்தில் இருந்து கேட்டான். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நான் முதலாளி, வயதானவன். நான் கதைப்பதில் அவனுக்கு என்ன அதிசயம்? எங்கள் அச்சகத்தில் கணினியில் எழுத்துக் கோக்கும் பிள்ளை அவனை விட மூன்று வயது மூத்தவர், அவனுடைய ஊருக்குப் பக்கத்து ஊர். "நானும் முதல் மாசம் போன் அடிச்சா உள்ளுக்குப் போய் நிண்டனான்" என்று அவர் சொன்ன அன்றுதான் பொடியனின் முகம் மாறியது. அந்தப் பிள்ளை செய்ததை நான் செய்திருக்கவே முடியாது.

மூன்றாம் கிழமை அவனுக்கு ஒரே ஒரு வசனம் கொடுத்தேன். "வணக்கம், அச்சகம். ஆர் கதைக்கிறது?" அதைச் சொல்லிவிட்டு என்னிடம் தந்துவிடலாம். ஐந்தாம் கிழமை ஓடர் எடுத்தான்: பெயர், தொலைபேசி இலக்கம், என்ன திகதிக்கு வேண்டும். அதற்கு அடுத்த கிழமை ஒரு இலக்கத்தில் ஒரு எண்ணை விட்டுவிட்டான். வாடிக்கையாளரைத் திருப்பிப் பிடிக்க வழியில்லை. மறுநாள் அவரே கொஞ்சம் கோபத்தோடு வந்தார். அடுத்த புதன் பொடியன் வரமாட்டான் என்று பயந்தேன், வந்தான். "இலக்கத்தை எழுதினாப் பிறகு அவருக்கே திருப்பி வாசிச்சுக் காட்டும்" என்றேன். அன்றைக்குப் பிறகு ஒரு இலக்கமும் பிழைக்கவில்லை. லேசாகக் கிடைத்த வெற்றிகளால் மட்டும் கட்டிய நம்பிக்கை முதல் தோல்வியிலேயே சரிந்துவிடும், ஒரு தடையைத் தாண்டிக் கிடைத்தது நிலைக்கும் என்று பண்டூராவும் சொல்கிறார்.

பாராட்டு எங்கள் வீடுகளில் கஞ்சத்தனமாகவே வரும். கண்ணூறு பட்டுவிடும் என்ற பயம், தலைக்கனம் வந்துவிடும் என்ற பயம். அதை மீறிப் பாராட்டும்போதும் "நீ சரியான கெட்டிக்காரன்" என்கிறோம். 1998இல் குளோடியா மியூலர், கரோல் டுவெக் என்ற இருவர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு செய்த பரிசோதனைகளில், கெட்டித்தனத்துக்காகப் பாராட்டப்பட்ட பிள்ளைகள் கடினமான புதிர்களில் தோற்றதும் சோர்ந்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்தும் முயன்றார்கள். ஆகவே நான் "இலக்கத்தைத் திருப்பி வாசிச்சது நல்ல வேலை" என்று செய்த காரியத்தைச் சொல்லப் பழகினேன். கை வேர்ப்பதைப் பற்றியும் கதைத்தோம். முதற்கடன் கேட்டு வங்கிக்குப் போன அன்று என் கையிலும் கடிதம் ஈரமாகியது. பயம் வருவதால் வேலை தெரியாது என்று ஆகிவிடாது என்பதை அவன் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டிருக்க வேண்டும்.

இன்னொரு சின்ன விசயம். நான் அவனை "நீர்" என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் ஊர்த் தமிழில் நீயும் இல்லாமல் நீங்களும் இல்லாமல் இடையில் இருக்கும் அந்தச் சொல், பதினாறு வயதுக்காரனுக்கு அளவாகப் பொருந்தும். அவன் என்னை முதலில் முதலாளி என்றான், பிறகு சேர், மாரி தொடங்கும்போது அண்ணை.

வந்தவுடன் என்ன கேட்பது?

"என்னவாக வர விருப்பம்?" என்று முதல் நாளே கேட்காதீர்கள். பதில் தெரியாத பிள்ளைக்கு அது இன்னொரு பரீட்சை. பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்ததைக் கேளுங்கள். நான் நண்டு வலையைப் பற்றிக் கேட்டேன். எந்தக் காற்றுக்கு நண்டு படும், கரையில் ஏலம் கூறும்போது விலை எப்படி ஏறி எப்படி நிற்கும் என்று அரை மணித்தியாலம் சொன்னான். ஏலத்தில் கிலோவுக்கு இவ்வளவு என்றால் கூடைக்கு எவ்வளவு என்று மனதிலேயே போட்டுவிடுவான். அச்சகத்தில் ஆயிரம் நோட்டீசுக்குத் தாள் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பார்ப்பதும் அதே கணக்குத்தான். அதைச் சொன்னபோது அவன் நம்பவில்லை; செய்து பார்த்த பிறகு நம்பினான்.

இது உண்மையில் பலன் தருமா?

ஹவாயின் கவாயித் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமையிலும் குழப்பமான வீடுகளிலும் வளர்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகத் தலையெடுத்தார்கள். அவர்களின் வாழ்க்கையில் திரும்பத் திரும்பக் காணப்பட்டவற்றில் ஒன்று, அக்கறையோடு கூட நின்ற ஒரு வளர்ந்தவர். சிலருக்கு அது பாட்டி, சிலருக்கு அயலவர், சிலருக்கு ஆசிரியர்.

அமெரிக்காவில் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் என்ற அமைப்பின் வேர் 1904இல் நியூயோர்க்கில் இருக்கிறது. நீதிமன்ற எழுதுவினைஞர் ஒருவர், தான் நாளாந்தம் கண்ட சிறுவர்களுக்கு ஆளுக்கொரு பெரியண்ணனைத் தேடத் தொடங்கினார். அந்த அமைப்பைப் பற்றிய ஆய்வு ஒன்று 1995இல் வெளியானது. 10 முதல் 16 வயது வரையான 959 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு உடனே வழிகாட்டிகளைக் கொடுத்தார்கள், மற்றப் பகுதியைக் காத்திருக்க வைத்தார்கள். 18 மாதங்களின் பின், வழிகாட்டி கிடைத்த பிள்ளைகள் போதைப்பொருள் பழகத் தொடங்கும் வாய்ப்பு 46 வீதமும் மது தொடங்கும் வாய்ப்பு 27 வீதமும் குறைந்திருந்தன. போதைப்பொருள் எங்கள் பிள்ளைகளின் வாசலுக்கே வந்துவிட்ட இந்த நாட்களில் இந்த எண்களை நான் அடிக்கடி நினைக்கிறேன்.

ஆனாலும் மந்திரம் என்று நினைக்க வேண்டாம். 2002இல் 55 மதிப்பீடுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது சராசரிப் பலன் மிதமானதாகவே இருந்தது. வழிகாட்டிக்குப் பயிற்சியும் தொடர்ந்த மேற்பார்வையும் இருந்த திட்டங்கள் கூடிய பலன் தந்தன.

அதே ஆண்டில் வந்த மற்றொரு முடிவுதான் என்னை உலுக்கியது. ஒரு வருடமோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில் பிள்ளைகள் அதிகம் முன்னேறினார்கள். மூன்று மாதத்துக்குள் முறிந்த உறவுகளில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பு இருந்ததை விடவும் கீழே போயிருந்தது. அதாவது பாதியில் விடுவது, ஒன்றும் செய்யாமல் இருப்பதை விடக் கெடுதல்.

இதை வாசிக்க முன்னரே நான் அதைச் செய்திருந்தேன். இந்தத் தம்பிக்கு முன் வேறொரு பொடியன் வந்தான். இரண்டு மாதம் நன்றாகப் போனது. ஆவணி பிறந்தது, கலியாண வேலைகள் குவிந்தன. ஒரு புதன்கிழமை "இண்டைக்கு ஏலாது தம்பி, அடுத்த கிழமை பாப்பம்" என்றேன். அடுத்த கிழமையும் அதையே சொன்னேன். மூன்றாம் கிழமை அவன் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனதாக வேலையாட்கள் சொன்னார்கள். பிறகு அவன் வரவேயில்லை. அந்த வருடக் கடைசியில் பஸ் நிலையத்தில் கண்டேன். என்னைக் கண்டுவிட்டு முகத்தை மற்றப்பக்கம் திருப்பினான். அவனுடைய வாழ்க்கையில் சொல்லிவிட்டு வராமல் போனவர்கள் ஏற்கெனவே பலர். அந்த வரிசையில் நானும் போய் நின்றுவிட்டேன். இப்போது புதன் நாலு மணிக்கு ஆர் வந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

வியாபாரிகளால் என்ன கொடுக்க முடியும்?

முதலாவது, இடம். உண்மையான வேலை நடக்கும் இடத்தில் ஒரு மணித்தியாலம் இருந்தாலே பிள்ளை பல விசயங்களைக் கண்டுகொள்ளும். காசோலை திரும்பி வரும், மின்சாரம் நிற்கும், வாடிக்கையாளர் சத்தம் போடுவார், அதற்குப் பிறகும் கடை மாலையில் கணக்கு முடித்து நாளைக்குத் திறக்கும். நட்டப்பட்டு எழும்பியவர் அந்தக் கதையை மறைக்காமல் சொன்னால் பிள்ளைக்கு அது பெரிய பாடம்.

இரண்டாவது, வேலை உலகத்தின் நடைமுறை அறிவு. சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழிக்கப்படும், முதலாளி தன் பங்காக 12 வீதம் போட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அதற்கு மேல் 3 வீதம் போட வேண்டும் என்பது தெரியாமல் வருடக்கணக்காக வேலை செய்து ஏமாந்தவர்கள் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். பதினாறு வயதில் இதைத் தெரிந்துகொண்டால் நல்லதல்லவா? சாதாரண தரத்தில் கணிதம் போய்விட்டால் வாழ்க்கை முடிந்தது என்று பல வீடுகளில் அழுகிறார்கள். தேசிய தொழிற் தகைமை என்று படிநிலைகளாக ஏறும் வழி ஒன்று இருக்கிறது, 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் கிளிநொச்சி அறிவியல்நகரிலேயே இருக்கிறது என்று சொல்ல அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. வழிகாட்டி சொல்லலாம். ஆனால் தொலைபேசி எடுத்து விசாரிப்பது பிள்ளையாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, அறிமுகம். "இவர் எனக்குத் தெரிஞ்ச பிள்ளை" என்ற நாலு சொல்.

கணினித் துறையில் இயங்கும் யாழ் ஐ.ரி. ஹப் போன்ற அமைப்புகள் போட்டிகள் வைத்து, துறைசார் வல்லுநர்களைக் கொண்டு இளையவர்களுக்கு வழிகாட்டும் நல்ல வேலையைச் செய்துவருகின்றன. ஆனால் போட்டிக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைக்கு ஓரளவு துணிவு ஏற்கெனவே இருக்கிறது. தொலைபேசியை எடுக்கப் பயப்படுகிற பிள்ளை அந்த வாசலுக்கு வரமாட்டாது. அதைத் தேடிப் போகத்தான் ஆட்கள் குறைவு. பழைய மாணவர் சங்கங்களும் இப்படித்தான். பெரிய பள்ளிக்கூடங்களுக்கு உலகம் முழுக்கக் கிளைகள் இருக்கின்றன. கடற்கரைச் சிறு பள்ளிக்கூடத்துக்கு அதிபரைத் தவிர ஆரும் இல்லை. வர்த்தகர்கள் அங்கே போக வேண்டும் என்பது என் விருப்பம்.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

வழிகாட்டல் என்ற பெயரில் கடைவேலை வாங்கக் கூடாது. இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. வயது வந்த பிள்ளை என்றாலும், வேலை செய்வித்தால் சம்பளம் கொடுக்க வேண்டும். அது வேறு உறவு.

தனியாகத் தொடங்க வேண்டாம். பள்ளிக்கூடமோ, பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரோ, நம்பகமான அமைப்போ நடுவில் இருக்க வேண்டும். அவர்கள் உங்களைப் பற்றி விசாரிப்பார்கள். விசாரிக்கட்டும், கோபப்படாதீர்கள். சந்திப்பு நாலுபேர் பார்க்கும் இடத்தில் இருக்கட்டும்: கடையின் முன்பகுதி, பள்ளிக்கூடம், பொது நூலகம். பெண்பிள்ளைகளுக்குப் பெண் வழிகாட்டி நல்லது. வீட்டாருக்குத் தெரியாமல் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போக வேண்டாம், இரவில் தகவல் அனுப்ப வேண்டாம். "வறிய மாணவனுக்கு வழிகாட்டும் நான்" என்று படம் எடுத்து முகநூலில் போடவே வேண்டாம். அந்தப் படத்தை அவனுடைய வகுப்புப் பிள்ளைகளும் பார்ப்பார்கள்.

தாய் நுண்கடனில் சிக்கியிருப்பதாக ஒருநாள் பிள்ளை சொல்லும். பையில் இருந்து காசை எடுத்துக் கொடுக்க மனம் வரும். கொடுத்தால் அடுத்த கிழமையில் இருந்து நீங்கள் கடன் கொடுத்தவர், பிள்ளை கடன்பட்ட பிள்ளை. நடுவில் இருக்கும் அமைப்பிடம் சொல்லுங்கள். யாராவது துன்புறுத்துவதாகப் பிள்ளை சொன்னால், ரகசியமாக வைத்திருப்பேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், துருவித் துருவிக் கேட்காதீர்கள். கேட்டதை அப்படியே உரியவர்களிடம் சேர்ப்பியுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929.

எவ்வளவு நேரம் வேண்டும் என்று கடைக்காரர்கள் கேட்கிறார்கள். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய ஐம்பது மணித்தியாலம். அதைக் கொடுக்க முடியாவிட்டால் பள்ளிக்கூடத்தில் ஒருநாள் போய் உங்கள் தொழிலைப் பற்றிக் கதையுங்கள், பிள்ளைகளைக் கூட்டமாக அழைத்துக் கடையைச் சுற்றிக் காட்டுங்கள். அதுவும் பயன்தான், ஆரும் காயப்படமாட்டார்கள். ஆவணி, தை போன்ற மாதங்களில் நெருக்கடி வரும் என்று தெரிந்தால் அதை முதல் நாளே பிள்ளைக்குச் சொல்லி, அந்த மாதங்களில் பத்து நிமிடமாவது சந்திப்பது என்று பேசிக்கொள்ளுங்கள்.

முடிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கடைசிச் சந்திப்பின் திகதியை இரண்டு மாதத்துக்கு முன்பே இருவரும் சேர்ந்து குறிக்க வேண்டும். அந்தத் தம்பிக்குக் கணிதம் சித்தியடையவில்லை. இரண்டு கிழமை முகம் வாடி இருந்தான். பிறகு அச்சகத் தொலைபேசியில் தானே ஒரு பயிற்சி நிலையத்துக்கு எடுத்து, திகதியை எழுதி, இலக்கத்தைத் திருப்பி வாசித்தான். கடைசிப் புதன்கிழமை தாயும் கூட வந்தார், ஒரு பையில் நண்டு கொண்டுவந்தார். வாங்கலாமா கூடாதா என்று யோசித்தேன், வாங்கினேன். இப்போது அவன் மோட்டார் திருத்தும் வேலை பழகுகிறான். மாதத்தில் ஒருமுறை கதைப்போம். அழைப்பு அவனிடம் இருந்துதான் வரும்.